காதர் பாயிடம் மிஞ்சிய சொல்

"பேசிட்டாங்க! டாக்டரம்மா, பேசிட்டாங்க!"

ஜுலைகா அக்கா போட்ட சத்தத்தில் லப்பைக்குடிக்காட்டில் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த வாடை கூடம் வரைக்கும் வந்தது. யாரும் போய் இறக்கவில்லை.

அக்காவின் கணவர் காதர் பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கையில் மஞ்சள் ரப்பர் பந்து ஒன்றை வைத்து அழுத்தச் சொல்லியிருந்தேன். விரல்கள் மடங்கவில்லை. பந்து நழுவி, உருண்டு, கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அப்போதுதான் அது நடந்தது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து மூன்று மாதமாக 'ஆ', 'ஊ' தவிர ஒன்றும் வராத வாயிலிருந்து, தெளிவாக ஒரு சொல் வந்தது.

"யா கல்ப்."

'கல்' என்று ஆரம்பித்ததும் கலிமாதான் சொல்லப்போகிறார் என்று அக்கா நினைத்துவிட்டார். இறைவன் ஒருவனே என்று சாட்சி சொல்லும் அந்த வாக்கியம் உயிர் பிரியும்போது நாக்கில் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. மூன்று மாதமாகக் கணவரின் காதோரம் அதைத்தான் ஓதிக்கொண்டிருந்தார். வந்தது கலிமா இல்லை. ஆனாலும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"கல்புங்கறாங்க டாக்டரம்மா. எங்கள்ல கல்புன்னா மனசு. அரபு வார்த்தை. யான்னா கூப்புடறது."

"அத்தா உன்னைத்தாம்மா கூப்புடறாங்க," என்று மகள் பர்வீன் சிரித்தாள். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த அக்கா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

சர்க்கரை டப்பா வந்தது. எல்லோர் வாயிலும் ஒரு சிட்டிகை. என் வாயிலும் போட்டார்கள். எதிர் வீட்டு ஆண்கள் இரண்டு பேர் வாசலோடு நின்று கேட்டார்கள், உள்ளே வராமல் திரும்பிப் போனார்கள். கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

காதர் பாய் மட்டும் அழுதுகொண்டிருந்தார். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டென்று அழுகை வரும், அடக்கவும் முடியாது. அது அந்த நோயின் குணம். நோட்டில் எழுதினேன்: 'முதல் சொல் வந்தது. அழுகை, நோயினால்.'

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

வலி வந்தால் வருவது

பெரம்பலூரில் பிசியோதெரபிஸ்டாக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன் என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். போன வாரம் மூட்டுகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "கையைக் காலை அப்படி முறுக்கினால் நோயாளிகள் உங்களைத் திட்ட மாட்டார்களா?"

திட்டுவார்கள். உறைந்துபோன தோளைத் தூக்கும்போதும், மடங்காத முழங்காலை மடக்கும்போதும் முதலில் 'அம்மா' வரும். வலி கொஞ்சம் ஏறினால் சாமி வரும். அதற்கும் மேலே ஏறினால், அதுவரை அந்த ஆளின் வாயில் யாருமே கேட்டிராதது வரும்.

தோள்வலியோடு வந்த கன்னியாஸ்திரி ஒருவர் மூன்று நாள் 'ஏசுவே' என்றார். நாலாவது நாள் சொன்னதை எங்கள் ஊர் சந்தையில்கூட நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு என்னைவிட அவர்தான் அதிகமாகத் திடுக்கிட்டார். ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலையில் வேலை செய்த பீகார் வெல்டர் ஒருவர், கால் உடைந்து கட்டுப் பிரித்த பிறகு என்னிடம் வந்தார். முழங்காலை மடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லைக் கத்துவார். கூட வந்த அறைத் தோழருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். என்ன அர்த்தம் என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, "நல்ல வார்த்தை இல்ல மேடம்," என்றார். பிறகு தெரிந்துகொண்டேன். அவர்கள் ஊரில் வசவு சகோதரியிடம் போகிறது. நம் ஊரில் தாயிடம் போகிறது. எந்த ஊரானாலும் அடிபடுவது, அங்கே இல்லாத ஒரு பெண்.

அந்த இந்திச் சொல் என் காதில் வெறும் சத்தமாகத்தான் விழுந்தது. அந்தத் தோழருக்கோ உடம்பு கூசியது. என் மகள் கைப்பேசி கீழே விழுந்தால் 'ஷிட்' என்கிறாள். நானும் பேசாமல் இருக்கிறேன். அதையே தமிழில் சொல்லியிருந்தால் என் மாமியார் சோறு போட மாட்டார். வேற்று மொழி வசவு தூரத்தில் வெடிக்கும் வெடி மாதிரி. சத்தம் கேட்கும், சூடு தெரியாது.

எங்கள் பக்கத்தில் மிகக் கொடிய வசவு எது என்று கேட்டால், உடம்பின் எந்த உறுப்பையும் நான் சொல்ல மாட்டேன். அது ஒரு சாதியின் பெயர். தாசில்தார் ஆபீசில் அதை அச்சடித்து முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். அதே பெயரை டீக்கடை வாசலில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்துச் சொன்னால் ரத்தம் வருகிறது. ஒருமுறை குன்னத்துக்காரர் ஒருவர், இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தவர், என் உதவியாளரைப் பார்த்து அதைச் சொன்னார். அதுவரை அவருக்கு மலஜலம் எடுத்துக்கொண்டிருந்தது அந்த உதவியாளர்தான். அவர் கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

நாய்

எங்கள் வீடு ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே முந்திரித் தோப்புக்குள் இருந்தது. அப்பா எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாட்கள் குறைவு. "நாயே, சாப்பிட்டியா?" என்பார். "கழுதை, வெயில்ல ஓடாத" என்பார். மொழி தெரியாத ஒருவர் கேட்டால்கூட அது கொஞ்சல் என்று கண்டுபிடித்துவிடுவார். அப்பா கோபமாக இருக்கும்போது பெயரை முழுசாகச் சொல்வார். அப்போதுதான் எங்களுக்குப் பயம் வரும்.

வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தன. கொல்லையில் எங்களோடுதான் சாப்பிடும். இப்போதும் என் வீட்டில் ஒன்று உண்டு. காதர் பாய் வீட்டுக்குப் போக ஆரம்பித்த முதல் வாரமே பர்வீன் தயங்கித் தயங்கிக் கேட்டாள், "உங்க வூட்ல நாய் இருக்காக்கா? துணியில முடி ஒட்டியிருக்கு." அவர்கள் வீட்டுக்குள் நாய் வரக்கூடாது. பாத்திரத்தில் நாய் வாய் வைத்துவிட்டால் ஏழு முறை கழுவ வேண்டும். அன்றிலிருந்து அங்கே போகும் நாட்களில் துணியை உதறி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஸ்கூட்டரை எடுப்பேன்.

இன்னொன்றும் அந்த வாரத்தில் நடந்தது. படிவத்தில் நோயாளியின் பெயரை எழுதுவதற்காகக் கேட்டேன். ஜுலைகா அக்கா சொல்லவில்லை. "நீ சொல்லு," என்று மகளைப் பார்த்தார். நாற்பது வருடத்தில் கணவரின் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. என் அம்மாவும் அப்படித்தான், ரேஷன் கடையில் அப்பா பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார். அது மரியாதை. சொல்லக்கூடாத சொற்களில் கெட்ட வார்த்தை மட்டும் இல்லை, இதுவும் உண்டு.

காதர் பாய் இருபத்தாறு வருடம் அரபு நாட்டில் இருந்தவர். ஒரு பெரிய கடையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டார் என்று வீட்டில் சொன்னார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து, இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவாராம். வயதாகித் திரும்பியதும் அதே இடத்துக்கு மகன் நசீரை அனுப்பினார். திரும்பி வந்து ஒன்றரை வருடம்தான் நன்றாக இருந்தார். ஒரு காலையில், தொழுகைக்கு முகம் கழுவும்போது, கையிலிருந்த சொம்பு விழுந்தது.

கண்ணாடி முன்னால்

மூளையின் இடது பக்கம் அடிபட்டால் வலது கை காலோடு பேச்சும் போய்விடலாம். பேசுவது புரியும், பதில் சொல்ல வராது. ஆனால் அப்படிப்பட்டவர்களிலும் சிலருக்கு ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கும். ஒருவருக்குப் பாட்டு வரும். ஒருவர் ஒன்று முதல் பத்து வரை எண்ணுவார். ஒருவருக்கு வசவு மட்டும் வரும். ஆயிரக்கணக்கான முறை சொன்னதும் கேட்டதும் மூளையில் வேறு ஏதோ ஓர் இடத்தில் தங்கிவிடுகிறது என்று மருத்துவர்கள் சொல்வார்கள். இது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

திருச்சியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தோழி ஒருத்தியைப் போனில் கேட்டேன். "வர்ற வார்த்தைய விட்டுடாத. அதையே திரும்பத் திரும்பச் சொல்லவை. அதப் புடிச்சுக்கிட்டு அடுத்த வார்த்தைக்குப் போகலாம்," என்றாள்.

அப்படியே செய்தேன். அவர்கள் வீட்டு பீரோவில் ஆள் உயரக் கண்ணாடி இருந்தது. அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டோம். வாய் எப்படி அசைகிறது என்று பார்த்துக்கொண்டே சொன்னால் சீக்கிரம் பழகும்.

"எங்க பாய், உங்க முகத்தப் பாத்துச் சொல்லுங்க. கல்ப்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் தாடையைப் பிடித்துத் திருப்பி வைப்பேன். காலையில் இருபது தடவை, மாலையில் இருபது தடவை. நான் போகாத நாட்களில் ஜுலைகா அக்கா செய்யவைத்தார். கணக்குத் தவறக்கூடாது என்று தஸ்பீஹ் மணியை உருட்டி எண்ணினார். இறைவன் பெயரைச் சொல்லி எண்ணுகிற மணி அது.

தானாகவும் அது வந்தது. பந்து விழும்போது. கஞ்சி சட்டையில் சிந்தும்போது. படுக்கை நனைந்துவிட்ட காலைகளில். "யா கல்ப்" என்பார். அக்கா ஓடிவந்து, "இந்தா வந்துட்டேங்க," என்று துடைத்துவிடுவார்.

ஒருநாள் இடது கையால் கண்ணாடியைத் தள்ளினார். பீரோ கதவு சுவரில் போய் இடித்தது.

"கோவம் வருது பாருங்கக்கா. நல்ல அறிகுறி," என்றேன்.

நசீருக்கு வீடியோ போட்டுக் காட்டினார்கள். "அத்தா பேசறாங்கடா, கேளு." காதர் பாய் திரையில் மகன் முகத்தைப் பார்த்தார், உதட்டைக் கோணி முயன்றார். வந்தது அதுதான். திரையில் நசீர் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தான். "நெட்வொர்க் சரியில்லம்மா," என்று வைத்துவிட்டான்.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று.

சபையில்

பர்வீனுக்குத் திருமணம் ஏற்கெனவே பேசியிருந்தது. வி.களத்தூர் மாப்பிள்ளை. பெண்ணைக் கொடுக்கும் தகப்பனாகச் சபையில் சம்மதம் சொல்ல வேண்டியவர் காதர் பாய். முடியாது என்பதால் அவருடைய தம்பி சொல்வதென்று பேசி முடித்தார்கள். ஆனாலும் அவர் சபையில் உட்கார வேண்டும் என்று ஜுலைகா அக்கா பிடிவாதமாக இருந்தார்.

"கூட ஒக்காந்து கல்புன்னு ஒரு வார்த்தை சொன்னாங்கன்னா போதும் டாக்டரம்மா. புள்ளைக்கு அதுவே துஆ, வாழ்த்து."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அன்று காலை சீக்கிரமே போய்க் கூடுதலாகப் பத்து தடவை சொல்லவைத்தேன்.

மண்டபத்தில் அத்தர் வாசனையும் பிரியாணி தம் உடைத்த வாசனையும் கலந்து நின்றன. வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டு, சக்கர நாற்காலியில் அவரை ஆண்கள் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். பெண்கள் பக்கத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு பச்சைத் துணித் திரைதான். நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேறு ஆளுக்குப் பழக்கமில்லை என்பதால், என்னை அங்கே நிற்க விட்டார்கள்.

மாப்பிள்ளையின் அத்தா ஹாஜா பாய் எழுந்து வந்தார். மெலிந்த மனிதர், அவரும் அரபு நாட்டில் கார் ஓட்டிவிட்டு வந்தவர். குனிந்து காதர் பாயின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சம்பந்தி. நல்லா இருக்கீங்களா?"

காதர் பாய் பதில் சலாம் சொல்ல முயன்றார். உதடு 'வ' என்று குவிந்ததை நான் பார்த்தேன். நெற்றியில் வியர்த்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு, மண்டபத்துக்கே கேட்கும்படி வந்தது.

"யா கல்ப். இப்னு கல்ப்."

புதிதாக ஒரு சொல்! மனசுக்குள் துள்ளினேன்.

ஹாஜா பாய் நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் சாதாரணமாக நிற்கவில்லை. கால்கள் இரண்டும் சேர்ந்துகொண்டன. கைகள் வயிற்றுக்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்று வந்தன. தலை குனிந்தது. "ஐவா," என்றார் மெதுவாக. 'சரிங்க' என்பதற்கு அரபியில் சொல்வது அது. அவர் சொன்னது அவருக்கே தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

ஹாஜா பாயின் தம்பிதான் கத்தினார். "என்ன சொன்னாருன்னு கேட்டியாண்ணே? சபையில வெச்சு நாயேங்கறாரு! நாய்க்குப் பொறந்தவனேங்கறாரு!"

நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் எழுந்துவிட்டார்கள். பெண் வீட்டார், "கல்புன்னா மனசுங்க, மனசாரச் சொல்றாங்க," என்று ஆளுக்கொரு பக்கம் விளக்கம் சொன்னார்கள். அரபு நாடு போய் வந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒக்காருடா," என்றார் ஹாஜா பாய் தம்பியிடம்.

"எப்புடிண்ணே ஒக்கார்றது?"

"அவரு என்னையச் சொல்லல. ஒக்காரு." திருமணம் நடத்திவைக்க வந்திருந்த ஹஜ்ரத் பக்கம் திரும்பினார். "நிக்காஹ நடத்துங்க."

நிக்காஹ் நடந்தது. காதர் பாயின் தம்பி சம்மதம் சொன்னார். காதர் பாய் தன் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

கை கழுவும் இடத்தில்

சாப்பாட்டுக்குப் பிறகு குழாயடியில் ஹாஜா பாய் என்னிடம் வந்தார்.

"நீங்கதான் அவருக்குப் பேசக் கத்துக்குடுக்கறீங்களாம்மா?"

"ஆமாங்க."

"இனிமே அதச் சொல்லச் சொல்லாதீங்க."

"கல்புன்னா மனசுன்னு..."

"அது வேற 'க'. அடித்தொண்டையிலேருந்து வரும். இது சும்மா நம்ம 'க'தான். நம்ம வாயில ரெண்டும் ஒண்ணாத்தான் விழும். அங்க அப்படி இல்ல. இவரு சொல்றது நாய்."

நான் குழாயை மூட மறந்து நின்றேன்.

"அங்க நல்ல மனுசங்க இருக்காங்கம்மா, இல்லங்கல. எனக்கு வாய்ச்ச மொதலாளி அப்படி இல்ல. பதினெட்டு வருஷத்துல பேரச் சொல்லி ஒருநாள் கூப்புட்டதில்ல. மொதல்ல கோவம் வரும். அப்புறம் அழுகை வரும். அப்புறம் ஒண்ணும் வராது. அந்தச் சத்தம் கேட்டா ஒடம்பு தானா எந்திரிச்சு நிக்கும். இன்னைக்கி நின்னேன் பாத்தீங்கல்ல?"

"அவரு கடையில ஸ்டோர் பாத்தாருன்னு..."

"மார்க்கெட்ல மூட்டை எறக்கறதும் ஸ்டோர்தாம்மா."

எனக்கு ஒன்று புரியவில்லை. அதையும் கேட்டேன். "அவரு தெருவுல பாதிப் பேர் வெளிநாடு போய் வந்தவங்க. ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டு இருந்தாங்க. யாருமே ஏங்க சொல்லல?"

ஹாஜா பாய் கழுவிய கையைத் திரும்பவும் கழுவினார்.

"எப்புடிம்மா சொல்லுவான்? சொன்னான்னா, 'அது ஒனக்கு எப்புடித் தெரியும்'னு அவன் பொண்டாட்டி கேப்பால்ல."

பெரம்பலூருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த இரண்டு மாதத்தை நினைத்துக்கொண்டே வந்தேன். பந்து விழும்போதும், கஞ்சி சிந்தும்போதும், படுக்கை நனையும்போதும் அவர் மனைவியைக் கூப்பிடவில்லை. யாரையும் திட்டவும் இல்லை. ஒரு வேலையில் தவறினால் இருபத்தாறு வருடமாக அவர் காதில் எது விழுந்ததோ, அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நான் அவரைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, தாடையைப் பிடித்துத் திருப்பி, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

அழுகை, நோயினால் என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு

அடுத்த திங்கட்கிழமை போனபோது பீரோக் கண்ணாடியின் மேல் போர்வை தொங்கியது.

"நாய்னுதான் அர்த்தமா?" என்றார் ஜுலைகா அக்கா. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"ஆமாக்கா."

"தஸ்பீஹ் மணியில எண்ணுனேன்," என்றார்.

"சொல்லச் சொன்னது நான்தாங்கக்கா."

அவர் அதற்குப் பரவாயில்லை என்று சொல்லவில்லை. தெரியாமல்தானே செய்தீர்கள் என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அதற்கு மேல் அந்த வீட்டுக்கு என்னால் போயிருக்க முடியாது. பந்தை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் வழக்கம்போல வேலையை ஆரம்பித்தேன்.

அன்று பந்து ஏழு முறை விழுந்தது. காதர் பாய் ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்றிலிருந்தே வாயை மூடிவிட்டாராம். 'ஆ', 'ஊ' கூட இல்லை. சபையில் பேசியது எல்லாம் அவருக்குப் புரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்பதும் புரிந்திருக்கிறது. எத்தனையோ வருடம் வீட்டுக்குத் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்தது அவர் வாயாலேயே வெளியே வந்துவிட்டது.

நான் படங்களைக் காட்டினேன். இடது கையில் பென்சிலைக் கொடுத்தேன். தோழியைத் திருச்சியிலிருந்தே வரவழைத்தேன். அவர் எல்லாவற்றையும் பார்த்தார், உதடு பிரியவில்லை.

ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அக்கா, கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, எதயாச்சும் சொல்லுங்க. அதையே வேணும்னாலும் சொல்லுங்க. எவன் என்ன அர்த்தத்துல சொன்னா என்ன? இந்த வூட்ல அதுக்கு நான் சொன்னதுதான் அர்த்தம்."

காதர் பாய் இடது கையைத் தூக்கித் தன் வாயின் மேல் வைத்துக்கொண்டார். அக்கா அந்தக் கையை எடுக்கப் பார்த்தார். எடுக்க முடியவில்லை. அவரிடம் பலம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு கையில்தான்.

அடைமழைக் காலத்தில் இன்னொருமுறை வாதம் அடித்தது. இரண்டு நாள்தான் இருந்தார். கடைசியில் காதோரம் கலிமா சொன்னபோது அவர் உதடு அசைந்தது என்று ஜுலைகா அக்கா சொன்னார். அசையவில்லை என்று பர்வீன் என்னிடம் தனியாகச் சொன்னாள். நான் அங்கே இல்லை.

நசீர்

நசீரால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. மூன்று நாள் கழித்து வந்தான். இருபது நாள் இருந்தான். திரும்பிப் போகிற அன்று காலை, வாக்கரைத் திருப்பிக் கொடுக்க என் கிளினிக்குக்கு வந்தான். வெளியே ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. கொடுத்துவிட்டுப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்தான். முப்பது வயதிருக்கும். அத்தாவின் நெற்றி.

"அன்னிக்கு வீடியோவுல அத்தா சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு மேடம்."

"ஏம்ப்பா சொல்லல?"

"அம்மா சர்க்கர குடுத்த கதையச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எப்புடிச் சொல்றது?"

"ஒனக்கும் அதே மொதலாளிதானா?"

"அவரு இப்ப வர்றதில்ல. அவரு மவன் பாத்துக்கறாரு. என் வயசுதான். அவரும் அப்புடித்தான் கூப்புடுவாரு."

"வேற எடம் பாக்கலாமேப்பா. இங்கேயே எதாவது..."

அவன் வாக்கரின் ரப்பர்க் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தா அஞ்சு வேளையும் தொழுதாங்க. எங்களையெல்லாம் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்ல. தங்கச்சியக் கண்ணுன்னுதான் கூப்புடுவாங்க. அந்தக் கண்ணுங்கறது வாயில நிக்கல. அந்த மொதலாளி சொன்னதுதான் நின்னுச்சு." தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "எனக்கும் இந்த வாதம் வந்துச்சுன்னா எது நிக்கும் மேடம்?"

கிளினிக்கில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவர் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சமாதானம் சொன்ன வாய் இது.

"ப்ரஷர மாசாமாசம் பாத்துக்கப்பா," என்றேன். "உப்பக் கொறச்சுக்க."

"சரிங்க மேடம்," என்று எழுந்தான். ஆட்டோ திருச்சி ரோட்டில் திரும்பிப் போனது.